பதினேழு டிரிப்பும் காலி

பேருந்துப் பணிமனையில் வண்டிகள் வெளியேறும் வாசலை ஒட்டி ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு போன், ஒரு சுவர்க் கடிகாரம். இவை போக மிச்சமிருக்கும் இடத்தில் டைம் கீப்பர் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். முன்பக்கம் கண்ணாடி, அதில் அரை வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அந்த ஓட்டை வழியாகத் தங்கள் டிரிப் ஷீட்டை நீட்டுவார்கள். கூடவே காரணங்களையும் நீட்டுவார்கள். ஷீட்டை வாங்கிக்கொள்வார். காரணத்தை வாங்கிக்கொண்டதாக வரலாறு இல்லை.

"சார், ரயில்வே கேட் போட்டுட்டான் சார்."

"கேட்டுக்கு நானா டைம் கீப்பர்? மூணு நிமிஷம் லேட்."

சிவப்பு மையில் எழுதிவிட்டு, பேனா மூடியைத் திருகி மூடுவார். அந்தத் திருகலில் ஓட்டுநரின் கழுத்தும் கொஞ்சம் திருகப்படும். சரியான நேரத்துக்கு வந்த வண்டிக்குப் பச்சை மை. பச்சை மைப் புட்டி அவருக்கு வருஷத்துக்கு ஒன்று போதும், சிவப்பு மாதத்துக்கு ஒன்று. சொந்தக் கல்யாணத்துக்கே பத்து நிமிஷம் முன்னால் போய் நின்று, பெண் வீட்டார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொண்டவர். அந்தச் சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சண்டை வரும் நாட்களில் அவர் மனைவிதான் அதை எடுத்துக் காட்டுவார். "இந்த ஆளுக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்" என்பதற்கு அவரிடம் உள்ள எழுத்துபூர்வமான ஆதாரம் அது ஒன்றுதான்.

மனைவியின் தம்பி அதே பணிமனையில் நடத்துநர். மாமாவும் மச்சானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. டைம் கீப்பருக்கு வண்டி நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்குத் திரும்பினால் ஒரு டிரிப் முடிந்தது. அதில் ஆள் ஏறினார்களா, காற்று ஏறியதா என்பது அவர் துறை அல்ல. நடத்துநருக்கோ ஆள் ஏறாத வண்டி வண்டியே அல்ல.

"மாமா, காலையில முதல் டிரிப்புல நானும் டிரைவரும் மட்டும்தான் போயிட்டு வந்தோம். அவர்கிட்ட நான் டிக்கெட் கேக்கலாமான்னு யோசிச்சேன்."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"அஞ்சு நாப்பது."

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறு முப்பத்தஞ்சு."

"அப்புறம் என்ன குறை உனக்கு? பச்சை."

"காலி வண்டிக்கு என்ன மாமா பச்சை?"

"காலி வண்டியும் வண்டிதான் மச்சான். நகரு, பின்னால ஆள் நிக்குது."

இந்த வழக்கு பதினாறு வருஷமாக அந்த அரை வட்ட ஓட்டையில் நடந்துவந்தது. தீர்ப்புச் சொல்ல ஒரு பூனை வரவேண்டியிருந்தது.

பணிமனையின் பின்புறம் பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் பிறந்தது அது. செம்பட்டை நிறம், ஆண். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது ஒருநாள் டைம் கீப்பர் அறைக்குள் நுழைந்து, டிரிப் ஷீட்டுகளின் மேல் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்தது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனது. சொல்லாமல் ஏறி, எல்லாரையும் திருடனாகப் பார்த்து, சொல்லாமல் இறங்குகிறவர்கள் போக்குவரத்துத் துறையில் ஒரே ஒரு பிரிவினர்தான். அன்று முதல் அதற்குச் செக்கர் என்று பெயர். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். நேரம் தவறாத ஓர் உயிரைப் பணிமனையில் முதன்முதலாகப் பார்த்த டைம் கீப்பர் மனம் கரைந்து, அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

வீடு முதல் மாடியில். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை, இவற்றை இணைக்கும் நடை. அறையில் மனைவியின் தையல் மெஷின். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். பின்பக்கத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் கொட்டி வைத்தார்கள். செக்கர் ஒரே நாளில் அதன் பயனைப் புரிந்துகொண்டது. உரிய வயதில் உரிய ஆபரேஷன் செய்தாயிற்று. பையிலிருந்து கொட்டும் உலர்ந்த தீனி மூன்று வேளை. நான்கு வருஷத்தில் அது ஆறரைக் கிலோவானது. நடந்தால் ஸ்டெப்னி டயர் உருண்டு வருவது போலிருக்கும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது டைம் கீப்பருக்கு ஒரு யோசனை வந்தது. குடும்பங்களில் கஷ்டம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பணிமனையில் கழித்துப் போட்ட பழைய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார். செக்கர் மணல் டப்பாவுக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம், மொத்த நிமிஷம், தாமதம் இருந்தால் காரணம் எனக் கட்டம் போட்டார். மூலையில் இருந்த டப்பா கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அதை நடையின் நட்ட நடுவில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தார். எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பணிக்குப் போகும் நேரத்துக்கு மனைவி பொறுப்பு.

"ஏங்க, அது வெளிக்கு இருக்கறதை எதுக்குங்க எழுதணும்?"

"ஒழுங்கு வேணாமா?"

"அது ஒழுங்காத்தானே போவுது?"

"ஒழுங்காப் போவுதுன்னு யாருக்குத் தெரியும்? எழுதினாத்தான் தெரியும்."

செக்கர் டப்பாவில் ஏறும், ஸ்டூலில் இருக்கும் மனிதரைப் பார்க்கும், யோசிக்கும், இறங்கிவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி வரும். அவர் அதே இடத்தில் இருப்பார். ஒரு கண்ணியமான பிராணி எவ்வளவுதான் பொறுத்துக்கொள்ளும்? ஆனாலும் முதல் பத்து நாள் சராசரி ஒரு நாளைக்கு மூன்று டிரிப். டைம் கீப்பருக்குத் திருப்தி.

செவ்வாய்க்கிழமை பதினொன்று.

அவர் பூரித்துப் போனார். ஒரே நாளில் சேவையை மூன்றரை மடங்கு உயர்த்திய பூனை அந்தத் தெருவில் வேறெந்த வீட்டில் இருக்கிறது? பச்சை மையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். போன ஒவ்வொரு தடவையும் அது முதுகைக் கூனிக்கொண்டு, வாலை நடுக்கியபடி நெடுநேரம் குந்தியிருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. "கூடுதல் நிறுத்த நேரம்" என்று காரணக் கட்டத்தில் எழுதியிருந்தார்.

புதன்கிழமை. டைம் கீப்பருக்குக் காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை பணி. பதினொன்றரை மணிக்கு மேசைமேல் இருந்த போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"ஏங்க, இது காலையிலேருந்து பதினேழு தடவை போயிடுச்சுங்க."

"பதினேழா!"

மைக் பொத்தான் அழுத்தியபடியே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஐந்தாம் நடைமேடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் வரை எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பதினேழு டிரிப்! ஆறு மணி நேரத்துல! இங்க ஒருத்தனாவது செய்வானா?" என்றது ஒலிபெருக்கி.

"எந்த ரூட்டுடா பதினேழு டிரிப்பு?" என்று ஓர் ஓட்டுநர் பயந்து போய்ப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அதையே நாளைக்குத் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு.

அப்போது ஷீட்டை நீட்டியபடி ஓட்டைக்கு முன்னால் நின்றிருந்தவர் மச்சான். "யாரு மாமா அந்த உத்தமன்?"

"நம்ம செக்கர்தான்."

"டப்பாவுக்கா? பதினேழு தடவையா?" நடத்துநரின் முகத்தில், வண்டி நிறைய ஆள் இருந்தும் பையில் சில்லறை விழாதபோது வரும் ஒரு சந்தேகம் வந்தது. "ஆளு ஏறிச்சா?"

"என்ன உளர்ற?"

"போனை இப்படிக் கொடுங்க." ஓட்டை வழியாகக் கையை விட்டு ரிசீவரைப் பிடுங்கினார். ஒயர் குட்டை என்பதால் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு பேசவேண்டியிருந்தது. "அக்கா, மண்ணு நனைஞ்சிருக்கா?"

"எங்கடா நனையுது? காஞ்சு கிடக்கு. காலையில ஒரு பட்டாணி அளவு ஈரம் பாத்தேன், அதுவும் லேசா செவப்பா. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. போவுது, முக்குது, கத்துது, வருது. வந்து அடியிலேயே நக்கிக்கிட்டு உக்காருது. மலச்சிக்கலோன்னு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊத்தினேன். அதையும் வாந்தி எடுத்துடுச்சு."

நடத்துநர் ரிசீவரை மாமாவிடம் கொடுத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்தார். அவர் ரூட்டில் ஏழாவது நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பிராணிகள் மருத்துவமனை இருக்கிறது. பதினாறு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை படிக்கட்டில் நின்று பார்த்த பலகை, நம்பர் மனப்பாடம். டாக்டரம்மா வண்டி பழுதாகும் நாளெல்லாம் அவர் பேருந்தில்தான் வருவார், சரியான சில்லறையோடு. அந்த வகையில் நடத்துநருக்கு அவர்மேல் அபார மரியாதை.

பேச்சு அரை நிமிஷம்தான். நடத்துநர் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "ஆண்தானே?" என்று கேட்டார் டாக்டர். ஆமாம் என்றதும், "இப்பவே கொண்டு வாங்க. சாயங்காலம் இல்ல, சாப்பிட்டுட்டு இல்ல. இப்ப" என்று வைத்துவிட்டார்.

"மாமா, எந்திரிங்க."

"ரெண்டு மணிக்கு ரிலீவர் வந்துடுவாரு. அப்புறம்..."

"மாமா!"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் நடுவுல எந்திரிச்சதில்ல மச்சான்."

அது உண்மை. காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறார். கூரை ஒழுகிய நாளில் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். நடத்துநருக்கு இந்த மனிதரிடம் எந்த மொழியில் பேசவேண்டும் என்று தெரியும்.

"இங்க பாருங்க. பிரேக் பிடிக்கலைன்னு டிரைவர் வந்து சொன்னா, ரெண்டு மணி வரைக்கும் ஓட்டிட்டு வாடான்னு அனுப்புவீங்களா?"

"எப்படிடா அனுப்புவேன்? அது பிரேக்டவுன்!"

"இதுவும் அதுதான். பதினேழு டிரிப்பும் காலி மாமா. ஒரு சொட்டு இறங்கல. டேங்க் உள்ளேயே ரொம்பிக்கிட்டு இருக்கு."

டைம் கீப்பர் வெளிறிப்போனார். காலி வண்டியும் வண்டிதான் என்ற பதினாறு வருஷத் தத்துவம் அந்தக் கணத்தில் அவர் கண்ணெதிரே சாய்ந்தது. மேலாளர் அறைக்கு இன்டர்காமை அழுத்தினார்.

"சார், பிரேக்டவுன் சார்."

"எந்த ரூட்?"

"எங்க வீட்டு ரூட், சார்."

மேலாளர் பதறி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் வீட்டிலும் ஏதோ வளர்க்கிறார்கள் போலிருக்கிறது. "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். டைம் கீப்பர் வாசலைத் தாண்டுவதற்குள் மேலாளர் முதல் வண்டியை ஏழு நிமிஷம் தாமதமாக அனுப்பினார். முதுகுக்குப் பின்னால் அது கிளம்பும் சத்தம் கேட்டது. டைம் கீப்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தியாகம் இதுதான் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

தையல் துணிகள் வைக்கும் மூடிக் கூடைக்குள் செக்கர். ஒரு பக்கம் மனைவி பிடித்துக்கொள்ள, மறுபக்கம் டைம் கீப்பர். அவருடைய இன்னொரு கையில் பதிவேடு. பன்னிரண்டு பத்துக்கு டாக்டரின் மேசைமேல் கூடை இருந்தது.

டாக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, செக்கரின் அடிவயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். செக்கர் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த நாய் ஒன்று பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

"கல்லு மாதிரி இருக்கு. நீங்க யாரும் அமுக்கிப் பாக்கலையே?"

"இல்லைங்க டாக்டர்."

"நல்ல காரியம். அமுக்கினா உள்ளேயே கிழிஞ்சுடும். வலி மாத்திரை எதாவது? மனுஷங்க போடுறது?"

"இல்லைங்க. விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன்" என்றார் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

"அதுவும் வேண்டாம்மா. முக்கினா மலச்சிக்கல்னு நினைக்கறது எல்லாரும் பண்றதுதான். பத்துல எட்டுப் பேர் இங்க அப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவாங்க. சரி, கடைசியா எப்போ ஒழுங்கா மூத்திரம் போச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் டைம் கீப்பர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார். பதிவேட்டை விரித்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"திங்கக்கிழமை மூணு டிரிப். செவ்வாய் பதினொண்ணு. காலை ஆறு பன்னிரண்டு, ஏழு நாப்பது, எட்டு இருபத்தாறு, எட்டு..."

"சார். இதுல எதுல மூத்திரம் வந்துச்சு?"

டைம் கீப்பர் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். போன நேரம் இருந்தது, வந்த நேரம் இருந்தது, நிமிஷம் இருந்தது, வினாடிகூட இருந்தது. கேட்டது மட்டும் இல்லை. அதற்கென்று அவர் ஒரு கட்டம் போடவே இல்லை.

"திங்கக்கிழமை சாயங்காலம் மண்ணு மாத்தினப்போ மூணு பெரிய ஈரக் கட்டி இருந்துச்சுங்க, எப்பவும்போல" என்றார் மனைவி. "செவ்வாய்க்கிழமை அங்கங்க சின்னச் சின்னதா. சாயங்காலத்துல ஒண்ணு, நெல்லிக்காய் அளவு. இன்னிக்குக் காலையில ஆறு மணி வாக்குல பட்டாணி அளவு, செவப்பா. அப்புறம் காய்ஞ்சு போச்சு."

டாக்டர் அதைத்தான் எழுதிக்கொண்டார். பதிவேட்டை மூடி, மரியாதையோடு டைம் கீப்பரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஆண் பூனைக்கு மூத்திரம் வர்ற குழாய் நுனியில ரொம்பக் குறுகல். மணல் மாதிரிப் பொடியோ, சளி மாதிரி ஒண்ணோ அங்க போய் அடைச்சுக்கும். பெண் பூனைக்கும் எரிச்சல் வரும், ஆனா அடைப்பு அபூர்வம். அடைச்சுட்டா வெளிய போக வேண்டிய விஷமெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பிடும். ஒரு நாள்ல படுத்துடும். ரெண்டு நாள் விட்டா இதயமே நின்னுடும். இவரு வாந்தி எடுத்துட்டாரு, அதாவது ஆரம்பிச்சாச்சு."

"பொழைச்சுடுமா டாக்டர்?" டைம் கீப்பரின் குரல் அந்த அரை வட்ட ஓட்டையில் யாரும் கேட்டிராத குரலாக இருந்தது.

"பாக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, மயக்கம் கொடுத்து டியூப் விடணும். ரெண்டு நாள் இங்கேயே சலைன்ல இருக்கட்டும். ஒரு கையெழுத்துப் போடுங்க."

படிவத்தில் நேரம் எழுதும் இடம் ஒன்று இருந்தது. டைம் கீப்பர் அதைக் காலியாக விட்டுவிட்டார். மனைவிதான் பார்த்து நிரப்பினார்.

ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டைம் கீப்பர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். அதில் கொழுத்த பூனை ஒன்றின் படம். அதற்குக் கீழே ஒரு நாய்க்கார அம்மாள் தன் நாயிடம், "ஒரு ஊசிதான்டா செல்லம், வீரன்ல நீ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாய் நம்பவில்லை.

"அழறீங்களா?" என்று மனைவி மெதுவாகக் கேட்டார்.

"மூக்கு அடைச்சிருக்கு."

"அதுக்கும் டியூப் போடச் சொல்லவா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். நாய்க்கார அம்மாள் முறைத்தார்.

டாக்டர் வெளியே வந்தபோது முகத்தில் பாதி நல்ல செய்தி இருந்தது. டியூப் இறங்கிவிட்டது, ஒரு கிண்ணம் நிறையச் சிவப்பாக வெளியே வந்தது. சிறுநீரகம் தடுமாறியிருக்கிறது, ஆனால் திரும்பிவிடும் என்று நம்புகிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விசாரணையைத் தொடங்கினார். என்ன சாப்பிடும்? உலர்ந்த தீனி. தண்ணீர்? ஒரு கிண்ணம், சில சமயம் தொடுவதே இல்லை. எடை? அது தெரிந்ததுதான். வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாற்றம்? புது ஆள், புது மிருகம், சாமான் இடமாற்றம்?

மனைவி பேசினார். நடையின் நடுவே வந்த டப்பாவைச் சொன்னார். கடிகாரத்தைச் சொன்னார். ஸ்டூலைச் சொன்னார். திறந்து வைத்த பேனாவைச் சொன்னார்.

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டைம் கீப்பரை முதன்முதலாக நன்றாகப் பார்த்தார்.

"சார், நீங்க கக்கூஸ்ல இருக்கும்போது எதிர்ல ஒருத்தர் நோட்டோட உக்காந்திருந்தா உங்களுக்கு வருமா?"

"வராதுங்க."

"பூனைக்கு நம்மளவிட வெட்கம் அதிகம். அதனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தீனி, எடை, தண்ணி குடிக்காதது எல்லாம் சேர்ந்துதான் கொண்டு வந்து விடும். ஆனா மனசு கஷ்டமும் ஒரு பெரிய காரணம். டப்பாவை மூலைக்குக் கொண்டு போங்க. இன்னொரு டப்பாவும் வைங்க. நாலு இடத்துல தண்ணி வைங்க, ஈரமான தீனிக்கு மாத்துங்க, எடையைக் குறைங்க. நின்னு பாக்காதீங்க. மண்ணை மட்டும் பாருங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாக்கணும்?"

"காலை, மதியம், சாயங்காலம். நனைஞ்சிருக்கா, எவ்வளவு, என்ன நிறம். இது ஒரு தடவை வந்தா மறுபடி வரக்கூடிய சமாச்சாரம். அடிக்கடி போச்சு, முக்குச்சு, கத்துச்சு, சொட்டுதான் வந்துச்சு, ரத்தம் கலந்திருந்துச்சு, டப்பாவை விட்டுத் தரையில போச்சு, இதுல எது நடந்தாலும் அன்னிக்கே எங்கிட்ட வரணும். முக்கியும் ஒண்ணுமே வரலைன்னா அன்னிக்கே கூட இல்ல, அந்த நிமிஷமே."

"அந்த நிமிஷமே" என்ற சொல் டைம் கீப்பருக்கு நன்றாகப் புரிந்தது.

வியாழனும் வெள்ளிக் காலையும் செக்கர் கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு, கூண்டுக்குள் ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தது. டைம் கீப்பர் மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தார். அவர் இல்லாத நேரத்தில் பணிமனை வண்டிகள் இஷ்டத்துக்குப் போய் இஷ்டத்துக்கு வந்தன என்றும், ஊர் ஒன்றும் முழுகிவிடவில்லை என்றும் மச்சான் வந்து அறிக்கை கொடுத்தார். டைம் கீப்பருக்கு அதில் எது அதிகம் வலித்தது என்று சொல்வதற்கில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டியூபை எடுத்தார்கள். ரத்தம் சரியாகியிருந்தது. இனி தானாகப் போகவேண்டும். போகவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. கூண்டில் இருந்த மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் தகுதிக்கு ஒத்துவராது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மூத்திரப் பை இன்னும் ரொம்பல, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "இவருக்கு இந்த இடம் பிடிக்கல. வீட்டுக்குக் கொண்டு போங்க, அங்க போகலாம். அஞ்சு மணிக்குள்ள போகலைன்னாலோ, நடுவுல முக்கினாலோ, திரும்பக் கொண்டு வாங்க. மறுபடி டியூப்தான்."

மறுபடி டியூப் என்றால் மறுபடி மயக்கம். இன்னொரு தடவை தாங்குமா என்று கேட்க டைம் கீப்பர் வாயெடுத்தார். பிறகு கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் டப்பா பின்பக்கத்து மூலைக்குப் போயிருந்தது. இன்னொன்று அறை மூலையில், தைத்த சீருடைகளின் மறைவில். தண்ணீர்க் கிண்ணங்கள் நான்கு இடத்தில், அவற்றில் இரண்டைக் காலால் தட்டிவிட்டவர் டைம் கீப்பரேதான். ஸ்டூல் பரணில். மனைவி மெஷினை நிறுத்திவிட்டார். சத்தம் அதற்கு இடைஞ்சலாக இருக்கலாம். டைம் கீப்பர் சமையலறையில் சுவரைப் பார்த்து, பாத்திர அடுக்குக்கு எதிரே, முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

இரண்டு மணி. செக்கர் வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து, எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று சோதித்தது. மூன்று மணி. தண்ணீர் குடித்தது. அதன் நாக்குச் சத்தத்தை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மூன்றே முக்கால். தூங்கிவிட்டது.

"எழுப்பவா?" என்று டைம் கீப்பர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"சும்மா இருங்க" என்று மனைவியும் உதட்டை மட்டும் அசைத்தார்.

நாலேகாலுக்கு மணலைப் பிராண்டும் சத்தம் கேட்டது. பின்பக்கத்து மூலையில். பிராண்டியது, நின்றது. ஒரு சத்தமும் இல்லை. டைம் கீப்பரின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துச் சுவரைப் பார்க்க வைத்துக்கொண்டார். மறுபடி பிராண்டல். பிறகு, காரியம் முடிந்தது என்று அறிவிக்கும் தொனியில், மணலை வாரி மூடும் சத்தம். செக்கர் நடை வழியாக வந்து, அவரைக் கண்டுகொள்ளாமல், தீனித் தட்டை நோக்கிப் போனது.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, நடையில் இடித்துக்கொண்டு, மூலைக்குப் போனார்கள். மனைவி கரண்டியைத் தேடுவதற்குள் டைம் கீப்பர் மண்டியிட்டுக் கையையே மண்ணுக்குள் விட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மண்ணைத் தொட்டதே இல்லாத கை. ஈரம். உள்ளங்கை அகலத்துக்கு, கதகதவென்று, வெள்ளைச் சட்டையில் துடைத்தால் மஞ்சளாகத் தெரியும் ஈரம். துடைத்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"செவப்பு இல்லைங்க!" என்றார் மனைவி.

"செவப்பு இல்ல" என்றார் அவர். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றும் சொன்னார். மண்ணெல்லாம் டப்பாவுக்குள்தான் இருந்தது.

கையைக் கழுவாமலே மச்சானுக்குப் போன் போட்டார். பணி நேரத்தில் நடத்துநர் போன் எடுத்தால் மெமோ கொடுக்கப்படும் என்று கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டியவரே அவர்தான். மச்சான் எடுத்தார். பின்னணியில் வண்டி உறுமியது.

"மச்சான், போயிடுச்சுடா! நல்லா நிறைய!"

அடுத்த கணம் அந்தப் பேருந்தில் இருந்த ஐம்பத்தெட்டுப் பயணிகளும் செய்தியை அறிந்தார்கள். "எங்க மாமா வீட்டுப் பூனை மூத்திரம் பேஞ்சிடுச்சு!" என்று நடத்துநர் கத்தினார். அப்புறம் பின்சீட்டில் யாரோ கைதட்ட, காரணம் தெரியாமலே பாதி வண்டி கைதட்டியது.

"ஏன் தம்பி, பூனை மூத்திரம் போறது ஒரு சேதியா?" என்று முன்சீட்டில் குடையோடு இருந்த அம்மாள் கேட்டார்.

நடத்துநர் நடந்ததைச் சொன்னார். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, முக்கலையும் கத்தலையும் நடித்துக் காட்டிச் சொன்னார். வண்டி சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு காலையிலேருந்து மூலைக்கு மூலை குந்திக் குந்தி எந்திரிக்குது. குளியலறைத் தரையில வேற போய் உக்காருது. சூடு பிடிச்சிருக்கும்னு விட்டுட்டு வந்தேன்."

"ஆணா, பொண்ணா?"

"ஆண்தான்."

நடத்துநர் விசில் ஊதினார். வண்டி நிறுத்தமில்லாத இடத்தில் நின்றது. டைம் கீப்பரின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். என் தங்கச்சி காத்துக்கிட்டு இருப்பா."

"தங்கச்சி இருப்பாங்கம்மா. பூனை இருக்காது. இறங்குங்க. அதோ எதிர்ல வர்றது நம்ம வண்டிதான், உங்க வீட்டுப் பக்கம் போவுது. யோவ், நிறுத்துய்யா! போய்ப் பூனையைத் தூக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. ஏழாவது ஸ்டாப்புக்கு எதிர்ல."

"மச்சான்" என்றார் டைம் கீப்பர், போனைக் காதில் அழுத்திக்கொண்டு. "அந்தம்மாகிட்ட கேளு, மண்ணு கடைசியா எப்போ நனைஞ்சுதுன்னு. டாக்டர் அதைத்தான் கேப்பாங்க."

"கேட்டுட்டேன் மாமா. நேத்து ராத்திரியாம்."

"வண்டி இப்போ எங்க இருக்கு?"

"ரெண்டு வண்டியும் நடு ரோட்டுல மூஞ்சிக்கு மூஞ்சி நிக்குது மாமா. அந்தம்மா படியில இறங்கறாங்க, முழங்கால் வலியாம், மெதுவாத்தான் வருவாங்க."

அந்தப் பக்கம் ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின.

"நிக்கட்டும்" என்றார் டைம் கீப்பர்.